டோக்கன் செல்லாது

(ரங்கூன், காளி கோயிலுக்குப் பக்கத்துத் தெருவுல ஒரு டீக்கடை. கரெண்ட் இல்ல. ஜெனரேட்டர் சத்தத்துல பாதிப் பேச்சு காதுல விழல, விழுந்தது இவ்வளவுதான்.)

செல்வம்: அண்ணே, சிங்கப்பூர்ல இருந்து மச்சான் போன் பண்ணான், அங்க கரெண்டே போகாதாம். தண்ணியக்கூட மலேசியாகிட்ட காசு குடுத்து வாங்குற ஊருண்ணே அது! நமக்கு ஐராவதி ஆறு, தேக்கு, கேஸு, மாணிக்கக்கல்லு எல்லாம் இருந்தும் இப்படிக் கிடக்கோம்னா நம்மாளுங்க சோம்பேறிங்க, வேறென்ன.

கடைக்காரர்: உன் மச்சான் இங்க இருந்தப்ப என்ன பண்ணான்?

செல்வம்: இதோ, இந்த பெஞ்சுலதான் படுத்துக் கிடப்பான்.

கடைக்காரர்: இப்ப?

செல்வம்: ரெண்டு ஷிப்ட் பாக்குறான்.

கடைக்காரர்: ஆளு அதே ஆளுதானே? சிங்கப்பூரு கப்பல் போற வழியில உக்காந்திருக்கு, அது ஒரு யோகம், இல்லங்கல. ஆனா ஜப்பான்காரன் குண்டு போடறதுக்கு முன்னாடி உலகத்துலயே அதிகமா அரிசி ஏத்துமதி பண்ணது யாரு, நம்ம பர்மாதான். 1962ல ராணுவம் வந்துச்சு, 1964க்குள்ள கடை கண்ணி எல்லாம் சர்க்கார் கைக்குப் போச்சு, நம்ம சனம் லட்சக்கணக்குல கப்பலேறிருச்சு. 1970ல என்னடான்னா திடீர்னு ரோட்டுல எல்லாரும் வலப்பக்கம் போகணும்னாங்க. சரி, போனோம். பஸ்ஸுக்கு யாரு சொல்றது? ஜப்பான்ல இருந்து வந்த பழைய பஸ்ஸுக்கெல்லாம் கதவு இடப்பக்கம், எங்க சித்தப்பா கடைசிவரைக்கும் நடுரோட்டுலதான் எறங்குனாரு.

செல்வம்: அதுக்கும் இதுக்கும் என்னண்ணே சம்பந்தம்?

கடைக்காரர்: நேத்து காசு கட்டி பத்து டீ டோக்கன் வாங்குனியே, எடு. ம்... இது இன்னைக்குக் காலையில இருந்து செல்லாது.

செல்வம்: என்னது! அப்ப என் காசு?

கடைக்காரர்: அதுவும் கிடையாது. 1987 செப்டம்பர்ல 25, 35, 75 கியாட் நோட்டு செல்லாதுன்னப்ப ஊரே இப்படித்தான் வாயப் பொளந்துச்சு, பதிலுக்கு சல்லிக்காசு தரல. புதுசா வந்த நோட்டு என்ன தெரியுமா, 45, 90! 62ல ராணுவத்தோட ஆட்சியப் பிடிச்ச நே வினுக்கு ஒம்போதுதான் ராசியாம். எங்கம்மா கத்தரிக்காய் வாங்கப் போயி சில்லறை எண்ணி எண்ணியே ஒம்போதாம் வாய்ப்பாடு மனப்பாடம் பண்ணிருச்சு. அந்த டிசம்பர்லயே ஐநா சபை நம்மள பரம ஏழை நாடுங்க லிஸ்ட்ல சேத்துருச்சு.

செல்வம்: அதெல்லாம் இருக்கட்டும், என் டோக்கனுக்கு வழி சொல்லுங்க.

கடைக்காரர்: இனிமே எங்கிட்ட முன்பணம் கட்டுவியா?

செல்வம்: எனக்கென்ன கிறுக்கா? எதுத்த கடைக்குப் போயிருவேன்.

கடைக்காரர்: அங்க டீ எப்படி?

செல்வம்: கழனித்தண்ணி. ஆனா அந்தாளு சொன்ன சொல்லு மாற மாட்டாரு.

கடைக்காரர்: அந்தக் கடைதான்டா பேங்காக்கு, இந்தக் கடை ரங்கூன்.

செல்வம்: ...அப்ப சிம் கார்டுண்ணே? லட்சக்கணக்குல வித்தது, 2014ல வெளிநாட்டுக் கம்பெனிங்கள உள்ள விட்டதும் 1500 கியாட்டுக்கு வந்துச்சே, நீங்ககூட ரெண்டு வாங்குனீங்க, போனே இல்லாம!

கடைக்காரர்: அதத்தான் சொல்றேன். அப்ப எல்லாம் நல்லாத்தான் கிளம்புச்சு, அப்புறம் 2021 பிப்ரவரியில மறுபடியும் ராணுவம்... (தெருவ எட்டிப் பாத்துட்டு) டீ ஆறுது, குடி.

செல்வம்: குடிக்கிறேன், மொதல்ல பத்து டோக்கன் காசத் திருப்பிக் குடுங்க.

கடைக்காரர்: ஒம்போதுக்குத்தான் தருவேன். பத்து நமக்கு ராசியில்ல.