வெட்டி இழுப்பதற்கு உயரம் காரணமன்று

ஜோகன்னஸ்பர்க்கில் டர்போ கார்கள் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ பொருத்தியவை) வெட்டி வெட்டி இழுப்பதற்கு மெல்லிய காற்றே காரணம் என்றும், 93 ஆக்டேன் தரப் பெட்ரோலை விட்டு 95க்கு மாறினால் சரியாகிவிடும் என்றும் சிலர் சொல்வது தவறு. அந்நகரம் இருக்கும் ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவது உண்மைதான். ஆனால் அது இழுவைத் திறனைச் சீராகக் குறைக்குமே தவிர, விட்டுவிட்டு வெட்டச் செய்யாது. கடலோர நகரமான டர்பனுக்கு இறங்கிய பிறகும் அதே வெட்டல் தொடர்ந்தால் உயரத்தைக் குறை சொல்ல இடமே இல்லை. தயாரிப்பாளர் 95 கேட்டிருந்தால் அதையே ஊற்ற வேண்டும், அது வேறு விஷயம்.

உயர் கியரில் ஆக்சிலரேட்டரை முழுமையாக மிதிக்கும்போது மட்டும் வெட்டினால், முதலில் ஸ்பார்க் பிளக்கையும் அதற்கு மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயிலையும் சோதியுங்கள். டர்போ அழுத்தம் ஏறும்போது சிலிண்டருக்குள்ளும் அழுத்தம் ஏறுவதால், பிளக் இடைவெளியைத் தீப்பொறி தாண்டக் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படுகிறது. தேய்ந்து இடைவெளி அகன்ற பிளக் அங்கேதான் தோற்கிறது. ஸ்கேனரில் பி0303 (மூன்றாம் சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை என்ற பழுதுக் குறியீடு) என்று வந்தால், மூன்றாம் சிலிண்டரின் காயிலை இரண்டாவதன் காயிலோடு இடம் மாற்றிப் பாருங்கள்; குறியீடு பி0302 ஆக மாறினால் பழுது காயிலில்தான். மாறாவிட்டால் பிளக்கையும் அவ்வாறே சோதித்த பிறகு, இன்டர்கூலர் (டர்போ தரும் காற்றைக் குளிர்விக்கும் பகுதி) குழாய்க் கசிவு, உயர் அழுத்த எரிபொருள் பம்ப் என்று போகலாம். எஞ்சின் விளக்கு மின்னி மின்னி எரிந்தால் தயவுசெய்து மிதித்து ஓட்டாதீர்கள்; எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுக் கெடுத்துவிடும்.