ஒரு குழந்தைக்கு 902 டாலர் கிறிஸ்துமஸ் பரிசா?

"அமெரிக்கப் பெற்றோர் 2024-இல் ஒவ்வொரு குழந்தைக்கும் கிறிஸ்துமஸ் பரிசாகச் செலவிட்டது 902 டாலர், இது வரலாற்றுச் சாதனை" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. நம் கணக்கில் அப்போது சுமார் 76 ஆயிரம் ரூபாய். இரண்டு பிள்ளைகள் இருந்தால் ஒன்றரை லட்சம்!

எண் கற்பனை இல்லை. அமெரிக்காவின் தேசிய சில்லறை வணிகக் கூட்டமைப்பு அந்த ஆண்டு வெளியிட்டதுதான். ஆனால் அதில் "ஒரு குழந்தைக்கு" என்ற பேச்சே கிடையாது. வயது வந்த ஒருவர் அந்தப் பண்டிகைக் காலம் முழுவதற்கும் ஒதுக்கும் சராசரித் தொகை அது. பிள்ளை இல்லாதவர்களும் அதில் அடக்கம். 902-இல் பரிசுகளுக்கு 641 டாலர். மீதி 261 டாலர் சாப்பாடு, இனிப்பு, வீட்டு அலங்காரம் போன்றவற்றுக்கு. அந்த 641-உம் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல. கணவன், மனைவி, அப்பா, அம்மா, நண்பர்கள், அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் வரை எல்லோருக்குமான பரிசு அதற்குள்தான்.

இன்னொன்று, இது செலவழித்த காசும் அல்ல. "எவ்வளவு செலவழிக்க நினைக்கிறீர்கள்?" என்று பண்டிகைக்குப் பல வாரங்கள் முன்பே கேட்டதற்கு வந்த பதில். மளிகைக் கடைக்குப் போகுமுன் போடும் பட்ஜெட் எந்த வீட்டில் அப்படியே நின்றிருக்கிறது?

சாதனை என்பது மட்டும் அரைகுறை உண்மை. முந்தைய உச்சம் 2019-இல் 886 டாலர். இடைப்பட்ட ஐந்தாண்டில் அங்கே விலைவாசி 20 சதவீதத்துக்கு மேல் ஏறிவிட்டது. அதைக் கழித்தால் 2024-இன் தொகை 2019-ஐ விடக் குறைவுதான்.