பிறந்த தேதி இல்லாதவரின் பிறந்தநாள்

காலையில் எழுந்ததும் ‘வரலாற்றில் இன்று’ பார்ப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். நிகழ்வுகள், பிறப்புகள், இறப்புகள் என்று வரிசையாகப் படிப்பதில் அவ்வளவு ஆசை. ஆனால் பிப்ரவரி 14 அன்று மட்டும் அந்தப் பட்டியலைப் படித்து முடிக்கும்போது மனசு கனத்துவிடும்.

காரணம், ‘பிறப்புகள்’ பகுதியில் வரும் ஃபிரெடரிக் டக்ளஸ். அமெரிக்காவின் மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து, 1838-ல் தப்பித்து, அடிமை முறைக்கு எதிராக வாழ்நாள் முழுக்கப் பேசியும் எழுதியும் போராடியவர். அவர் பெயரோடு பிப்ரவரி 14, 1818 என்று உறுதியாகப் போட்டுவிடுகிறார்கள். தான் என்றைக்குப் பிறந்தோம் என்பது டக்ளஸுக்கே தெரியாது.

1845-ல் வெளிவந்த தன்வரலாற்றின் முதல் பத்தியிலேயே இதைச் சொல்லிவிடுகிறார். வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கெல்லாம் அவரவர் வயது தெரியும். தனக்கு மட்டும் ஏன் தெரியக் கூடாது என்று சிறுவயதிலேயே வருந்தியிருக்கிறார். எஜமானிடம் கேட்கவும் முடியாது. அடிமை தன் வயதைக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம்!

அவருடைய அம்மா ஹாரியட் பெய்லி 12 மைல் தள்ளி வேறொருவர் நிலத்தில் வேலை பார்த்தார். பகல் முழுக்க வயல் வேலை. அப்புறம் இருட்டில் நடந்தே வந்து, மகனைப் பக்கத்தில் படுக்க வைத்துத் தூங்க வைப்பார். பிள்ளை கண் விழிக்கும்போது அம்மா போயிருப்பார். விடியும்போது வயலில் நிற்காவிட்டால் சவுக்கடி. அப்படி அவர் அம்மாவைப் பார்த்ததே நாலைந்து தடவைதான். ஏழு வயது வாக்கில் அம்மாவும் இறந்துபோனார். அந்த அம்மா தன்னைக் ‘குட்டி வாலன்டைன்’ என்று கொஞ்சியதை நினைவில் வைத்துத்தான் வாலன்டைன் தினமான பிப்ரவரி 14-ஐத் தன் பிறந்தநாளாக்கிக்கொண்டார்.

எஜமானின் கணக்கில் 1818 பிப்ரவரி என்று ஒரு குறிப்பு உண்டு. தேதி கிடையாது. டக்ளஸ் அதைப் பார்த்ததில்லை. 1895-ல் இறக்கும்வரை தான் 1817-ல் பிறந்ததாகவே நினைத்திருந்தார். வரலாற்றாளர் கார்ட்டர் வுட்சன் 1926-ல் கறுப்பின வரலாற்று வாரத்தைத் தொடங்கியபோது பிப்ரவரி இரண்டாம் வாரத்தைத் தேர்ந்தெடுத்தார். 12-ஆம் தேதி லிங்கன் பிறந்தநாள், 14 டக்ளஸுடையது. ஒரு தாயின் கொஞ்சல் ஒரு நாட்டின் நாட்காட்டியிலேயே ஏறிவிட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும்.

அதே தேதியின் மற்ற வரிகளையும் பாருங்கள். 1876-ல் தொலைபேசிக்காக கிரஹாம் பெல்லின் காப்புரிமை விண்ணப்பம் அலுவலகத்துக்குப் போன அதே நாளில், அதே தொலைபேசிக்காக எலிஷா கிரே என்ற இன்னொரு கண்டுபிடிப்பாளரின் ஆவணமும் போனது. பல பட்டியல்களில் பெல் மட்டும்தான் இருக்கிறார். 1998-ல் கோவை தொடர் குண்டுவெடிப்பு, 58 பேர் பலி என்று ஒரு வரி. ‘இறப்புகள்’ பகுதிக்குப் போனால் அந்த 58 பேரில் ஒருவர் பெயர்கூட இருக்காது. அந்தக் குடும்பங்களுக்கு வருடா வருடம் இந்தத் தேதி வருகிறதே.

எல்லாப் பெயரையும் போட இடம் போதாது, சரி. ஆனால் பட்டியல் தயாரிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த பிப்ரவரி 14-க்கு டக்ளஸின் பெயரை எழுதும்போது ‘பிறந்தார்’ என்று போடாதீர்கள். ‘தன் பிறந்தநாளாக அவரே வைத்துக்கொண்ட நாள்’ என்று போடுங்கள்.