கால் நகம் வெட்ட முடிகிறதா?

இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்திலும் அதன் பக்கத்துப் பகுதியிலும் 2006-ல் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். 1921-ல் பிறந்தவர்கள் மட்டும்தான் அதில் சேரலாம். அதாவது எல்லோருக்கும் 85 வயது. முதியோர் இல்லத்தில் இருப்பவர், நினைவு தடுமாறுபவர் என்று யாரையும் ஒதுக்கவில்லை. முதல் சுற்று முடிவுகள் 2009-ல் வந்தன. 18 நோய்களைப் பட்டியல் போட்டுத் தேடியிருந்தார்கள். ஒரு நோய்கூட இல்லாதவர் ஒருவருமில்லை. சராசரியாக ஆளுக்கு நான்கைந்து இருந்தன. ஆனால் "உங்கள் வயதுக்காரர்களோடு பார்த்தால் உங்கள் உடம்பு எப்படி?" என்று கேட்டதற்கு, ஐந்தில் ஏறக்குறைய நான்கு பேர், நல்லாத்தான் இருக்கு என்று சொல்லியிருக்கிறார்கள்.

அதே ஆய்விலிருந்து பிறகு வந்த ஒரு கட்டுரைதான் எனக்கு இன்னும் முக்கியம். வயதாக ஆக எந்த வேலை முதலில் கைவிட்டுப் போகிறது என்று வரிசைப்படுத்தினார்கள். முதலில் போவது கால் நகம் வெட்டுவது. தானே எடுத்துச் சாப்பிடுவது கடைசியாகத்தான் போகிறது. யோசித்தால் நியாயமாகவே படுகிறது. நகம் வெட்ட இடுப்பு வளைய வேண்டும், கண் தெரிய வேண்டும், விரலில் பிடி வேண்டும்.

நம் வீடுகளில் அப்பாவின் சுகர் எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும். ஃபைல் போட்டு வைத்திருக்கிறோம். நகம் யார் வெட்டிவிடுகிறார்கள், போன வருஷம் ஏறிய மாடிப்படியை இந்த வருஷமும் ஏறுகிறாரா என்று எந்த ஃபைலிலும் இல்லை. சுகரைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. தாராளமாகப் பாருங்கள். அது பாதிக் கதை என்கிறேன், அவ்வளவுதான்.

இந்தியாவும் 17 நாடுகளில் ஒன்றாக இருந்த ப்யூர் ஆய்வில் சுமார் 1.4 லட்சம் பேரின் கைப்பிடி வலுவை அளந்தார்கள். பிடி 5 கிலோ குறைந்தால் இறப்பு அபாயம் 16 சதவீதம் கூடுதலாக இருந்தது. ரத்த அழுத்தத்தைவிட இது நன்றாகவே முன்கூட்டிச் சொன்னது. (உடனே பந்தை அமுக்கினால் ஆயுள் கூடும் என்று வாட்ஸ்அப்பில் கிளம்பிவிடாதீர்கள். பிடி ஓர் அடையாளம். அதுவே காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை.)

நம் நாட்டிலும் லாசி என்ற பெரிய ஆய்வு இருக்கிறது. 45 வயதுக்கு மேற்பட்டவர்களும் அவர்களின் துணைகளுமாக 72,000 பேருக்கு மேல். முதல் சுற்று 2017-18-ல் நடந்தது, தமிழ்நாடும் அதில் உண்டு. குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது மாதிரி அடிப்படைக் காரியங்களில் ஒன்றிலாவது சிரமம் என்றவர்கள் 60 வயதுக்கு மேற்பட்டோரில் நான்கில் ஒருவர். சமைப்பது, கடைக்குப் போவது, பணத்தைக் கையாள்வது என்று வந்தால் ஏறக்குறைய பாதிப்பேர்.

இந்தப் பாதியை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு. வாழ்க்கையில் அடுப்பைத் தொடாத தாத்தாவிடம் சமைக்க முடிகிறதா என்று கேட்டால் என்ன சொல்வார்? பேங்க் பக்கமே போகாத பாட்டிக்குப் பணக்கணக்கு சிரமம் என்றால் அது மூப்பா, விடாத வீட்டாரா? ஒரே ஒரு முறை கேட்டால் இதைப் பிரிக்க முடியாது. அதே பாட்டியைச் சில வருஷம் கழித்துத் திரும்பப் பார்த்தால், முன்பு செய்துகொண்டிருந்து இப்போது முடியாமல் போனது எது, எப்போதுமே செய்யாதது எது என்று தெரிந்துவிடும். லாசியை 25 வருஷத் திட்டமாக வைத்ததன் அருமை அங்கேதான். ஆட்சி மாறினாலும் அமைச்சர் மாறினாலும் இதற்கான பணம் மட்டும் நிற்கக் கூடாது. நடுவில் விட்டால் கையில் மிஞ்சுவது ஒரு பழைய கணக்கெடுப்பு.

அப்புறம், ஆய்வு முடியட்டும் என்று காத்திருக்கவும் தேவையில்லை. இங்கே 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஊழியர்கள் வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்க்கிறார்கள். நல்ல திட்டம். வந்ததோடு, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லிப் பார்க்கலாமே? 14 விநாடிக்குள் முடியாவிட்டால் கவனிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே அளவு கொடுத்திருக்கிறது. இதற்குத் தேவை ஒரு நாற்காலியும் செல்போனில் இருக்கும் கடிகாரமும். அந்த விநாடிக் கணக்கை அதே அட்டையில், சுகர் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதட்டும். அடுத்த வருஷம் மறுபடி எழுதட்டும்.