நோட்ட திரும்பப் போட்டா சரிவராது

ஒராள் உபுண்டுல (லினக்ஸ் வகை ஒண்டு) ப்ரொஜெக்ட பில்ட் பண்ணக்குள்ள, ரோலப் (ஜாவாஸ்கிரிப்ட் பைல்கள ஒண்டாக் கட்டுற டூல்) தன்ட லினக்ஸ் மொடியூல காணல்ல எண்டு எரர் வருதெண்டு கேட்டிரிந்தார். அதுக்கு மேல இன்னொராள் "ரோலப் லினக்ஸ் மொடியூல காணல்லண்டா நோட் (Node.js, ஜாவாஸ்கிரிப்ட ஓட்டுற சொப்ட்வெயார்) வேர்ஷன்தான் பிழை, அழிச்சிட்டு புதுசப் போடுங்க" எண்டு எழுதியிரிக்கார், அது இந்த எரருக்கு மருந்தில்ல தம்பி. ரோலப் 4லயிருந்து (2023) அதுட பார்சர் (கோட வாசிச்சுப் பிரிக்கிற பகுதி) ரஸ்ட் மொழில எழுதின பைனரி (மெஷின் நேர ஓட்டுற பைல்), விண்டோஸுக்கு ஒண்டு லினக்ஸுக்கு ஒண்டு மெக்குக்கு ஒண்டு எண்டு தனித்தனி பெக்கேஜா இரிக்கு, என்பிஎம் (நோட்டோட வாற பெக்கேஜ் இறக்கிற டூல்) இன்ஸ்டோல் பண்ற மெஷினப் பார்த்து அதுக்குப் பொருந்துறத மட்டும்தான் இறக்கும். ஈஎஸ்பில்ட் எண்ட மத்த பில்ட் டூலும் இப்படித்தான் ஒவ்வொரு மெஷினுக்கும் தனி பெக்கேஜ். கேட்டவர் விண்டோஸ் லப்டொப்பில இன்ஸ்டோல் பண்ணின நோட் மொடியூல்ஸ் போல்டர (இறக்கின பெக்கேஜ் எல்லாம் கிடக்கிற இடம்) அப்படியே பென்ட்ரைவ்ல ஏத்தி கல்முனை ஒபிஸ் உபுண்டு மெஷினுக்கு கொண்டுபோயிரிக்கார், டேட்டா மிச்சம் பிடிக்க இஞ்ச எல்லாரும் செய்யிற வேலதான், ஆனா அந்த போல்டருக்குள்ள விண்டோஸ் பைனரி மட்டும்தானே கிடக்கும்!

இந்த பைனரி பெக்கேஜ் ஒப்ஷனல் டிபென்டன்சி (இறங்காட்டியும் இன்ஸ்டோல் நிக்காத பெக்கேஜ்) எண்டதால இறங்காட்டியும் என்பிஎம் வாய் திறக்காது, பில்ட் பண்ணக்குள்ளதான் வெடிக்கும். அந்த போல்டர அழிச்சிட்டு உபுண்டுலயே திரும்ப இன்ஸ்டோல் அடிங்க. அதுக்கும் வரல்லண்டா பெக்கேஜ் லொக் பைலயும் (எந்த பெக்கேஜ் எந்த வேர்ஷன் எண்டு குறிச்சு வைக்கிறது) சேர்த்து அழிங்க, என்பிஎம்ல ஒப்ஷனல் டிபென்டன்சி பக் ஒண்டு எண்டு ரோலப் எரர் மெசேஜே சொல்லுது, ஆருதான் முழுசா வாசிக்கிற. லொக்க அழிச்சா மத்த வேர்ஷனும் மாறலாம், முதல்ல கிட்ல கொமிட் பண்ணிட்டு மறுகா தொடுங்க. டொக்கர்ல அல்பைன் (சின்ன லினக்ஸ் வகை ஒண்டு) எண்டா மசல் (musl, அல்பைன் பாவிக்கிற சி லைப்ரரி) பெக்கேஜ் வேணும், உபுண்டுட அங்க ஓடாது.