நர்ஸின் டியூட்டி நேரத்துக்கும் நிதி வேண்டும்

விபத்துச் சிகிச்சை ஆராய்ச்சிக்கு நிதியைக் கூட்டச் சொல்லும் கட்டுரை சரிதான். ஆனால் டாக்டர்கள், கருவிகள் என்பதோடு நின்றுவிட்டது. தமிழ்நாட்டின் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் இலவசச் சிகிச்சை. அந்த நேரமெல்லாம் பக்கத்திலேயே நிற்பது நர்ஸ்தான்.

ரத்தம் போனவரின் உடம்பு குளிர்ந்தால் ரத்தம் சரியாக உறையாது, கசிவும் லேசில் நிற்காது. நனைந்த உடுப்பை வெட்டியெடுத்துக் கம்பளி போர்த்துவது நர்ஸ்களான எங்கள் வேலை. வந்ததும் ஒரு தரம், ஒரு மணி நேரம் கழித்து ஒரு தரம் உடல் சூட்டைக் குறித்து வந்தாலே உருப்படியான ஆய்வு ஒன்று கிடைக்கும். பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். குறிப்பெடுக்கிறவருக்குப் பதிலாக வார்டில் இன்னொருவரைப் போடச் சம்பளம் வேண்டும், அவ்வளவுதான். நைட் டியூட்டி முடித்துவிட்டு யார் உட்கார்ந்து எக்ஸெல் ஷீட் நிரப்புவது?