"பெரிய வண்டின்னா அப்படித்தான் குடிக்கும்" என்பது ஒரு பதிலா?

லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுக்க வேண்டிய பழைய எஸ்யூவி 8 தான் கொடுக்கிறது என்று ஒர்க்‌ஷாப்பில் போய் நின்றால், பானெட்டைத் திறக்கும் முன்பே பதில் வந்துவிடுகிறது: "பெரிய வண்டிங்க, அப்படித்தான் குடிக்கும்." வயிறு எரிகிறது. புதிதாக இருந்தபோதும் இதே எடை, இதே உயரம்தானே? குறைந்த 4 கிலோமீட்டர் எங்கே போகிறது என்று தேடத்தானே வண்டியை விடுகிறோம்! தேடுவதில்லை. ஏர் ஃபில்டரை மாற்றி, எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டரைச் சுத்தம் செய்ய என்று டேங்கில் ஒரு பாட்டில் கிளீனரை ஊற்றி, பில்லை நீட்டுகிறார்கள். இன்றைய இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் எஞ்சினில் அடைத்த ஏர் ஃபில்டர் பிக்கப்பைத்தான் கெடுக்கும், மைலேஜைப் பெரிதாகத் தொடாது. இது தெரியாமலா மாற்றுகிறார்கள்?

முதலில் அளக்க வேண்டும், அதையும் யாரும் சொல்வதில்லை. டேஷ்போர்டு காட்டும் சராசரியை நம்பக் கூடாது. பம்ப் தானாக நிற்கும்வரை நிரப்பி, 300 கிலோமீட்டராவது ஓட்டி, அதே பம்பில் அதேபோல நிரப்பி வகுத்துப் பாருங்கள். முந்தைய ஓனர் டயர் சைஸை மாற்றியிருந்தால் அந்தக் கணக்கும் பொய். 235/65ஆர்17 இருந்த இடத்தில் 245/70ஆர்17 போட்டால் சுற்றளவு சுமார் 5 சதவீதம் கூடும். ஓடோமீட்டர் அந்த அளவுக்குக் குறைத்துக் காட்டும். ஓடிய தூரத்தில் ஒரு பங்கு கணக்கிலேயே வராது.

அடுத்து பிரேக். 15 கிலோமீட்டர் அதிகம் பிரேக் பிடிக்காமல் ஓட்டி நிறுத்தி, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் நான்கு டிஸ்க்கையும் பாருங்கள். ஒரே ஆக்ஸிலில் ஒரு பக்கம் மட்டும் 30 டிகிரி கூடுதலாகச் சுட்டால் அங்கே பேட் உரசிக்கொண்டே ஓடுகிறது. பெரும்பாலும் கேலிப்பர் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) நகர உதவும் ஸ்லைடு பின் இறுகியிருக்கும். கழற்றிச் சுத்தம் செய்து சிலிக்கான் கிரீஸ் போட வேண்டும். சாதாரண கிரீஸ் போட்டால் ரப்பர் உப்பி மறுபடி இறுகிவிடும். ஸ்லைடு பின் சரியாக இருந்தும், ஜாக்கியில் தூக்கிய சக்கரம் கையால் சுற்றவில்லையா? கேலிப்பரில் பிரேக் ஆயிலை வெளியேற்றும் ப்ளீடர் நிப்பிளைத் திறந்தவுடன் சக்கரம் விடுபட்டால் பிரேக் ஹோஸ் உள்ளே அடைத்திருக்கலாம். ஒரு ஜாக்கியும் அரை மணி நேரமும் போதும். அதற்குக்கூட மனம் வருவதில்லை!

எனக்கு ஆத்திரம் தலைக்கேறுவது தெர்மோஸ்டாட் விஷயத்தில். எஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குக் கூலன்ட் போகாமல் தடுக்கும் வால்வு அது. திறந்தபடியே மாட்டிக்கொண்ட தெர்மோஸ்டாட் எஞ்சினைச் சரியாகச் சூடாக விடாது. எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்து ஈசியூ (எஞ்சினை நடத்தும் கணினி) கூடுதலாக எரிபொருள் ஊற்றும். ஆட்டோமேட்டிக் வண்டியில் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் வழுக்காமல் பூட்டும் டார்க் கன்வெர்ட்டர் லாக்-அப்பும் தாமதமாகும். பல வண்டிகளில் வெப்ப மீட்டர் முள் நடுவிலேயே நிற்கும், எஞ்சின் லைட் எரியாமலும் போகலாம். ஸ்கேனரில் லைவ் டேட்டாவைத் திறந்து, ஹைவேயில் கூலன்ட் 90 டிகிரி பக்கத்தில் நிற்காமல் 70க்கு இறங்குகிறதா என்று பாருங்கள். மலிவான உதிரிபாகம் இது. இதை விட்டுவிட்டு ஆக்சிஜன் சென்சார் (புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளப்பது), இன்ஜெக்டர் என்று வரிசையாக மாற்றச் சொல்கிறார்கள்.

ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்பவரிடம் ஃப்யூயல் ட்ரிம் எவ்வளவு என்று கேளுங்கள். அந்த சென்சாரைப் பார்த்து ஈசியூ எரிபொருளைக் கூட்டும் (ப்ளஸ்) அல்லது குறைக்கும் (மைனஸ்) சதவீதம் அது; உடனுக்குடன் மாறுவது ஷார்ட், பழகி நிலைத்தது லாங். ஷார்ட், லாங் இரண்டையும் கூட்டினால் ப்ளஸ் ஆனாலும் மைனஸ் ஆனாலும் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஐடிலில் ப்ளஸ் அதிகமாகி 2,500 ஆர்பிஎம்மில் குறைந்தால் வேக்குவம் லீக், அதாவது அளக்கப்படாத காற்று எஞ்சினுக்குள் கசிகிறது. வேகம் கூடக்கூட ப்ளஸ் ஏறினால் உள்ளே வரும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் அழுக்காகியிருக்கலாம், அல்லது ஃப்யூயல் பம்ப் பலவீனமாகியிருக்கலாம். மைனஸில் ஆழமாக இறங்கினால் ஒழுகும் இன்ஜெக்டரோ, டேங்க் ஆவியை எஞ்சினுக்கு விடும் பர்ஜ் வால்வு மூடாமல் இருப்பதோ காரணமாகலாம். ப்ளஸ் என்றாலே எரிபொருள் வீணாகிறது என்று அர்த்தமில்லை. காற்றுக்குத் தக்கபடி ஈசியூ சரிசெய்கிறது, அவ்வளவுதான். ஆனால் சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் லீக் இருந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து அதை ஏமாற்றும், அப்போது உண்மையாகவே வீணாகும். புது சென்சார் போட்டாலும் அந்த லீக் அப்படியேதான் இருக்கும்.

டீசலாக இருந்தால் டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸ்களில் எண்ணெய்க் கசிவைத் தேடச் சொல்லுங்கள்; அங்கேதான் டர்போ அழுத்தும் காற்றும் கசியும். டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை ரீஜென் ஆகிறது, அதாவது சேர்ந்த கரியை எரித்துச் சுத்தமாகிறது என்றும் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் கூடுதல் டீசல் எரிகிறது. இந்த எண்களைக் காட்டாமல் ஒரு பாகத்தையும் கழற்ற விடாதீர்கள்.